நன்றி சொல்லாத பாட்டியும் நம்முடைய தொண்டும்

கேட்கப்பட்ட கேள்வியின் சுருக்கம் இது: "எட்டு மாதமாக வாரம் ஒருநாள் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய் உதவி செய்கிறேன். பல வருடம் தியானம் செய்தும் மனம் அடங்கவில்லை. தொண்டு செய்து பார், அகம் தானாகத் திறக்கும் என்று பெரியவர் ஒருவர் சொன்னதால் தொடங்கினேன். திறந்தது என்னவோ எரிச்சல்தான். சாப்பாடு ஊட்டினாலும், தலை வாரிவிட்டாலும் ஒரு வார்த்தை நன்றி சொல்லாத பாட்டி ஒருவர் மேல் கோபம் வருகிறது. வீட்டுக்கு வந்ததும் யாரிடமாவது இதையெல்லாம் சொல்லிப் பாராட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது. நான் தவறான பாதையில் போகிறேனா? பேசாமல் வீட்டிலும் வேலையிடத்திலும் நாலு பேரிடம் அன்பாக நடந்துகொண்டால் போதாதா?"

இதைப் படித்ததும் எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. தொண்டு செய்தால் மனம் நிறைகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். கோபம் வருகிறது என்று வாய்விட்டுச் சொல்பவர்கள் குறைவு. நீங்கள் தவறான பாதையில் போகவில்லை. தேடிப் போன விழிப்பு உங்களுக்கு வந்துவிட்டது. நீங்கள் எதிர்பார்த்த முகத்தோடு வராததால் அடையாளம் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஆன்மிக விழிப்பு என்றதும் ஒளி, பேரமைதி, காரணமில்லாத கண்ணீர் என்று ஏதேதோ நினைவுக்கு வருகிறது. அவை வரலாம், போகலாம். நான் புரிந்துகொண்ட வரையில் விழிப்பு மிகச் சாதாரணமான ஒன்று: நடப்பதை நடக்கும்போதே பார்ப்பது, அதன் நடுவில் 'நான்' எங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது என்பதையும் சேர்த்துப் பார்ப்பது. கண்ணை மூடித் தனியே அமர்ந்திருக்கும்போது அந்த நானுக்கு எதிரே ஆள் இல்லை. யாரும் அதை மறுத்துப் பேசுவதில்லை, காக்க வைப்பதில்லை, முகம் சுளிப்பதில்லை. அது சாதுவாக இருக்கிறது. நாமும் அது அடங்கிவிட்டது என்று நம்பிவிடுகிறோம். ஒரு முதியவரின் கட்டிலருகே போய் நின்றால் கால் மணி நேரத்தில் அது எழுந்து நின்றுவிடும். தியானத்தைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நானும் நாள்தோறும் உட்காருகிறேன். அங்கே பழகிய பார்வைக்கு இங்கேதான் வேலை வருகிறது.

உங்கள் கோபத்தையே எடுத்துக்கொள்வோம். அந்தப் பாட்டிக்கு நீங்கள் கொடுத்தது ஒரு மணி நேரமும் கொஞ்சம் உழைப்பும். திரும்பி வர வேண்டியது ஒரு புன்னகை, ஒரு 'நல்லா இரும்மா'. அது வரவில்லை. கோபம் வந்தது என்றால், கொடுத்தபோதே மனம் ஒரு கணக்கு எழுதி வைத்திருக்கிறது என்று பொருள். வறியவர்க்குக் கொடுப்பது மட்டுமே ஈகை, மற்ற கொடைகளெல்லாம் 'குறியெதிர்ப்பை' போன்றவை என்கிறது திருக்குறள். குறியெதிர்ப்பை என்றால், அளவு குறித்து வாங்கி அதே அளவில் திருப்பித் தரும் கைமாற்று. நாழியளந்து வாங்கினால் நாழியளந்து திருப்பித் தர வேண்டும். நாம் கொடுப்பதில் பெரும்பகுதி இந்த ரகம்தான். திரும்பி வரும் நாழியில் நன்றி இருக்கலாம், நல்ல பெயர் இருக்கலாம், புண்ணியமும் இருக்கலாம்.

புண்ணியம் என்ற கடைசிக் கணக்கைத்தான் மனம் விடவே விடாது. புறநானூற்றில் 134ஆம் பாட்டு, ஆய் அண்டிரன் என்ற வள்ளலைப் பாடுகிறது. இந்தப் பிறவியில் செய்தது மறுபிறவிக்கு ஆகும் என்று எண்ணிக் கொடுக்கும் 'அறவிலை வணிகன்' அல்லன் ஆய் என்கிறார் அதைப் பாடிய புலவர் முடமோசியார். அறத்தை விலைக்கு விற்கும் வணிகன்! பிறகு எதற்காகத்தான் கொடுத்தான்? சான்றோர் சென்ற வழி அது, அந்த வழியில் அவன் கையும் போயிற்று, அவ்வளவே என்று பாட்டு முடிந்துவிடுகிறது. மறுபிறவிக் கணக்குகூட ஒரு வியாபாரம்தான் என்று அவ்வளவு பழைய காலத்திலேயே ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. 'என் ஆன்மிக வளர்ச்சிக்காகச் சேவை செய்கிறேன்' என்று நாம் சொல்லிக்கொள்வதும் அதே கடையில்தான் நடக்கிறது. நீங்கள் அப்படித்தான் தொடங்கினீர்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். வேறு விதமாகத் தொடங்கியவர் யாரையும் நான் இதுவரை பார்க்கவில்லை. அதனால் அதைப் பெரிய குற்றமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கடை நடக்கிறது என்று தெரிந்திருந்தால் போதும்.

இங்கே ஒரு தவறான புரிதலையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது நல்ல மனிதர்களையே கெடுக்கிறது. பலனில் உனக்கு உரிமையில்லை என்று கீதை சொல்கிறது என்பதற்காக, விளைவைப் பற்றிக் கவலைப்படாமல் கடனே என்று செய்துவிட்டு வருபவர்கள் இருக்கிறார்கள். மருந்து கொடுத்தேன், குடித்தாரா என்று எனக்குத் தெரியாது. பலனை இறைவனிடம் விட்டுவிட்டேன் என்பார்கள். அது துறவு இல்லை, அலட்சியம். மருந்து உள்ளே போனதா, படுக்கை உலர்ந்திருக்கிறதா என்றெல்லாம் பார்ப்பது செயலின் பகுதி. அதை முடியும் வரை கவனிக்கத்தான் வேண்டும். விடச் சொல்வது அந்தச் செயலில் 'எனக்கு' என்று நாம் எடுத்து வைத்திருக்கும் பங்கை.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். தீராத நோயில் இருப்பவர்களைக் கவனிக்கும் ஓர் இடத்தில் பல ஆண்டுகளாகத் தொண்டராகப் போய்வருகிறேன். தொடக்கத்தில் எனக்குக் கொடுத்த வேலைகளில் ஒன்று நகம் வெட்டிவிடுவது. பக்கவாதத்தில் வலக்கை முடங்கிப்போன பெரியவர் ஒருவர் இருந்தார். விரல்கள் ஐந்தும் உள்ளங்கைக்குள் மடங்கி இறுகியிருந்தன. நகங்கள் வளர்ந்து உள்ளங்கையில் பதிந்து, அரைவட்டமாகச் சிவந்த தடங்கள். பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம் என்று நினைத்தேன். விரலைப் பிடித்து நிமிர்த்தினேன். கை இன்னும் இறுகியது. சற்று அழுத்தி இழுத்தேன். கல்லாக மாறியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு குரல்: உதவி செய்யத்தானே வந்திருக்கிறேன், கொஞ்சம் ஒத்துழைத்தால் என்ன?

அங்கிருந்த செவிலியர் ஒருவர் பார்த்துவிட்டு வந்தார். என்னைத் திட்டவில்லை. ஒரு கிண்ணத்தில் வெதுவெதுப்பான நீரைக் கொண்டுவந்து அந்தக் கையை அதில் வைத்தார். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு மணிக்கட்டை மெல்ல உள்பக்கமாக மடக்கினார். விரல்கள் தாமாகவே கொஞ்சம் தளர்ந்தன. கட்டைவிரலை வெளியே கொண்டுவந்தார், அப்புறம் மற்ற விரல்களை ஒவ்வொன்றாக. "இந்தக் கை வேகத்தோடு சண்டை போடும். மெதுவாகப் போனால் விட்டுக்கொடுக்கும்" என்றார். அது உவமையாகச் சொன்ன வார்த்தை இல்லை. மூளை பாதிக்கப்பட்டு இறுகும் தசை அப்படித்தான். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவுக்கு எதிர்க்கும், மெல்ல நீட்டினால் இணங்கும். மருத்துவப் பாடத்தில் இருக்கிற செய்தி. ஆனால் அன்றைக்கு என் அவசரம் என் கையிலிருந்து இன்னொருவர் கைக்குள் போய் இறுக்கமாக மாறுவதை நான் கண்ணால் பார்த்தேன். அவசரப்படாதே என்று ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். அன்றுதான் அது என் உடம்புக்குப் புரிந்தது.

அந்த நகங்களை வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதில் பாதி நேரம் நான் எதுவும் 'செய்யவே' இல்லை, கையை நீருக்குள் பிடித்துக்கொண்டிருந்தேன். என் தியான நாட்களில் அவ்வளவு நேரம் தொடர்ந்து ஒன்றின் மேல் கவனம் நின்றதில்லை. அந்தப் பெரியவர் மூன்று மாதம் கழித்துக் காலமானார். அடுத்த வாரம் அதே கட்டிலில் வேறொருவர் இருந்தார். அவருக்கும் நகம் வளர்ந்திருந்தது.

அவசரம் அன்பை எந்த அளவுக்குத் தின்றுவிடுகிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள் பிரின்ஸ்டனில் இறையியல் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களை வைத்துச் செய்து, 1973இல் வெளியிட்டார்கள். மாணவர்கள் பக்கத்துக் கட்டிடத்துக்குப் போய் ஒரு சிறு உரை நிகழ்த்த வேண்டும். சிலருக்குத் தலைப்பு, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகிற வழியில் ஒருவர் வாசலோரம் சுருண்டு, இருமி முனகிக்கொண்டிருப்பார். அவர் ஆய்வாளர்கள் உட்கார வைத்த ஆள். நிதானமாகப் போனவர்களில் 63 சதவீதம் பேர் உதவினார்கள். ஓரளவு அவசரத்தில் இருந்தவர்களில் 45 சதவீதம். 'ஏற்கெனவே நேரமாகிவிட்டது, ஓடுங்கள்' என்று அனுப்பப்பட்டவர்களில் 10 சதவீதம். உரையின் தலைப்பு என்ன என்பது குறிப்பிடத்தக்க வேறுபாடு எதையும் உண்டாக்கவில்லை. சமாரியனைப் பற்றிப் பேசப் போனவர்களே முனகுகிறவரைத் தாண்டிப் போயிருக்கிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. அவர்கள் மனம் அந்த நேரத்தில் அங்கே இல்லை, பேச வேண்டிய மேடைக்கு முன்கூட்டியே போய்ச் சேர்ந்துவிட்டது.

எனவே என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால், மந்திரமோ மூச்சுப் பயிற்சியோ சொல்வதற்கு முன் நான் சொல்வது இதைத்தான்: பத்து நிமிடம் முன்னதாகப் போங்கள். நாலு பேருக்குச் செய்வதாக இருந்தால் இரண்டு பேருக்குச் செய்யுங்கள். ஊட்டும்போது நின்றுகொண்டு ஊட்டாமல், அவர் கண்ணுக்கு நேராக உட்காருங்கள். ஒரு வாய் கொடுத்த பிறகு அது தொண்டையில் இறங்குவதைப் பாருங்கள். அதுவரை அடுத்த கரண்டியை எடுக்காதீர்கள். முதியவர்களுக்குப் புரையேறாமல் இருக்கவும் இதுதான் முறை, உங்கள் மனம் நிற்கவும் இதுதான் முறை. அந்த இடைவெளியில் மனம் எங்கே ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டிருங்கள். 'சீக்கிரம் விழுங்கினால் என்ன' என்று ஒரு நினைப்பு எழும். எழட்டும். அதை விரட்ட வேண்டியதில்லை. அது எழுந்ததை நீங்கள் பார்த்த அந்தக் கணத்தில் அதன் கையில் கரண்டி இல்லை, உங்கள் கையில் இருக்கிறது.

எரிச்சலூட்டும் முதியவர்களைப் பற்றி ஒரு வார்த்தை. புத்தரின் வாழ்க்கையில் நடந்ததாக, பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயப் பிடகத்தில் ஒரு செய்தி வருகிறது. வயிற்றுப்போக்கால் பாதிக்கப்பட்ட ஒரு பிக்கு தன் கழிவிலேயே கிடக்கிறார். ஏன் யாரும் கவனிக்கவில்லை என்று புத்தர் கேட்க, நான் மற்றவர்களுக்குப் பயன்படாதவன், அதனால் கவனிக்கவில்லை என்கிறார் அவர். புத்தர் நீர் ஊற்ற, அவருடைய சீடர் ஆனந்தர் கழுவ, இருவருமாக அவரைத் தூக்கிப் படுக்கையில் கிடத்துகிறார்கள். பிறகு சங்கத்தைக் கூட்டி, எனக்குப் பணிவிடை செய்ய விரும்புகிறவர் நோயாளிக்குப் பணிவிடை செய்யட்டும் என்கிறார் புத்தர். இதுவரை பலருக்கும் தெரிந்திருக்கும். அதற்குப் பிறகு வரும் பகுதியை யாரும் அதிகம் சொல்வதில்லை. எப்படிப்பட்ட நோயாளியைக் கவனிப்பது கடினம் என்று அங்கே ஒரு பட்டியலே இருக்கிறது: உடம்புக்கு நல்லதைச் செய்யாதவர், அளவு தெரியாதவர், மருந்து சாப்பிடாதவர், உள்ளதை உள்ளபடி சொல்லாதவர், வலியைப் பொறுக்காதவர். கவனிப்பவர் எப்படி இருக்க வேண்டும் என்பதிலும், மலத்தையும் சளியையும் வாந்தியையும் அருவருக்காமல் எடுப்பவர், ஆதாயத்துக்காக இல்லாமல் அன்புள்ளத்தோடு செய்பவர் என்று வருகிறது. நோயாளி என்றால் தெய்வம் என்று மட்டும் சொல்லி நிறுத்திவிடவில்லை. சிலரோடு கடினம்தான் என்று ஒப்புக்கொண்டு, அப்படியும் செய் என்கிறது. எனக்கு இந்த நேர்மை மிகவும் பிடிக்கும்.

உங்கள் பாட்டி நன்றி சொல்லாததற்கு எனக்குத் தோன்றுகிற ஒரு காரணம் உண்டு. அவர் ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் எத்தனை முறை கேட்க வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். தண்ணீருக்கு ஒருவர், கழிப்பறைக்கு ஒருவர், போர்வைக்கு ஒருவர், ஜன்னலைச் சாத்த ஒருவர். ஒவ்வொன்றுக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்றால் அது ஒரு வரி. வாழ்க்கையில் எஞ்சியிருக்கும் எல்லாவற்றின் மேலும் போடப்பட்ட வரி. ஒரு காலத்தில் நாலு பேருக்குக் கொடுத்துப் பழகிய கை அது என்றால் இன்னும் வலிக்கும். நன்றி சொல்லாமல் இருப்பது அவருக்கு மிச்சமிருக்கும் ஒரே சுதந்திரமாகக்கூட இருக்கலாம். இது உண்மையாக இல்லாமலும் போகலாம். அவர் வெறுமனே கடுகடுப்பான மனிதராகவே இருக்கலாம். ஆனாலும் அவர் இடத்தில் போய் நின்று இதை ஒருமுறை நினைத்துப் பார்த்தபோது உங்கள் கோபம் கொஞ்சம் இளகியதா இல்லையா? அந்த இளக்கத்துக்குத்தான் வள்ளலார் வேறொரு பெயர் வைத்தார்.

அவர் 1867இல் வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கி, அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் பசித்தவர்களுக்கு உணவு சமைக்கிறது என்பதை எல்லோரும் சொல்வார்கள். அடுப்புக்குப் பின்னால் அவர் வைத்த வாதம் அதைவிட ஆழமானது. ஒரு சகோதரன் துன்பப்படுவதைக் கண்டால் இன்னொரு சகோதரனுக்கு ஏன் உருக்கம் வருகிறது? இருவருக்கும் இடையே உரிமை இருப்பதால். அதுபோல எல்லா உயிர்களும் ஒரே தன்மையுடையவை, ஒன்றுக்கொன்று உறவுரிமை உள்ளவை. அந்த உரிமை தெரியும்போது உருக்கம் தானே எழும் என்கிறார். ஆன்மநேய ஒருமைப்பாட்டுரிமை என்ற நீண்ட சொல்லுக்கு இதுதான் பொருள். அப்படியானால் உருக்கம் வராத இடம் எது? உறவு கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும் இடம். தொண்டு அந்த மறைப்பை ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலக்கிப் பார்க்கிறது. ஜீவகாருண்யத்தை மோட்ச வீட்டின் திறவுகோல் என்று அவர் சொன்னதை நான் இப்படித்தான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்து, உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதி. வீட்டிலும் வேலையிடத்திலும் அன்பாக இருந்தால் போதாதா? போதும். ஆனால் அதுதான் கடினமானது என்று தெரிந்துகொண்டு சொல்லுங்கள். யாவர்க்கும் ஆகும் என்று திருமூலர் நான்கு செயல்களைச் சொல்கிறார்: இறைவனுக்கு ஒரு பச்சிலை, பசுவுக்கு ஒரு வாயளவு புல், உண்ணும்போது பிறருக்கு ஒரு கைப்பிடி, பிறருக்கு ஓர் இன்சொல். ஏழைக்கும் எட்டுகிற செயல்கள் என்பதால் இவற்றை எளியவை என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். நான்காவதுக்குச் செலவே இல்லை. அதைத்தான் நாம் அதிகமாக மிச்சம் பிடிக்கிறோம். முதியோர் இல்லத்தில் யாரோ ஒருவரின் தாய் ஐந்தாவது முறையாகச் சொல்லும் கதையைச் சிரித்தபடி கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, சொந்தத் தாய் இரண்டாவது முறை சொல்லும்போது 'தெரியும்மா, சொல்லிட்டே' என்று முகத்தைத் திருப்பிக்கொள்கிறோம். நான் பல ஆண்டுகள் அப்படி இருந்தேன். வெளியே நான் தொண்டன், அதற்கு ஒரு பெயர் உண்டு, மரியாதை உண்டு. வீட்டில் நான் மகன் மட்டுமே. பெயர் இல்லாத இடத்தில் அன்பு வற்றிப்போயிற்று என்றால், வெளியே ஊறியது எது என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்தக் கேள்வியைக் கேட்க எனக்கு நாளாயிற்று. அம்மா இருந்தபோதே கேட்டுவிட்டேன் என்பது என் நல்ல காலம்.

இன்சொல் என்றால் இனிக்க இனிக்கப் பேசுவது என்று பொருளில்லை. வேலையிடத்தில் ஒருவர் செய்த தவறை நாலு பேர் முன்னால் சொல்லாமல் தனியே கூப்பிட்டுச் சொல்வது இன்சொல். ஒருவர் பேசி முடிக்கும் வரை தொலைபேசித் திரையைப் பார்க்காமல் இருப்பது, வாயே திறக்காத இன்சொல். நம்மிடம் ஒருவர் உதவி கேட்டு நிற்பதும் நமக்குத் துன்பமே, கேட்டவரின் மலர்ந்த முகத்தைக் காணும் வரை என்று ஒரு குறள் சொல்கிறது. கேட்பவரின் கூச்சம், கேட்கப்படுபவர் நெஞ்சிலும் தைக்கிறது என்ற நுட்பம் அதில் இருக்கிறது. ஒருவர் கேட்க வாயெடுக்கும் முன்பே அவர் தேவையைக் கண்டுகொள்வதற்கு எவ்வளவு விழிப்பு வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். அன்றாடக் கருணை என்பது பெரும்பாலும் கண் செய்யும் வேலை. கைக்கு வேலை வருவது அதற்கு அப்புறம்தான்.

சில சமயம் கைக்கு வேலை வரவே கூடாது. நான் தொண்டராகப் போய்வரும் அதே இடத்தில் ஓர் அம்மையார் காலையில் தன் சட்டைப் பொத்தான்களைத் தானே மாட்டிக்கொள்வார். விரல் நடுங்கும், பொத்தான் நழுவும், மறுபடி பிடிப்பார். ஒருநாள் பொறுக்க முடியாமல் நான் கையை நீட்டினேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அந்தக் கணத்தில் என்னைப் பார்த்தேன்: அவர் சிரமத்தை என்னால் பார்க்க முடியவில்லை, அதனால் அதை நிறுத்தப் போயிருக்கிறேன். உதவி என் சௌகரியத்துக்காக இருந்திருக்கிறது. அன்று முதல் அவர் பொத்தான் மாட்டும்போது கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். என் வாழ்க்கையில் நான் செய்த தொண்டுகளில் அது மிகக் கடினமானவற்றுள் ஒன்று என்று மனமாரச் சொல்வேன்.

களைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எட்டு மாதம் என்பது களைப்பு தொடங்கும் காலம். உழைத்து எரிந்து தீர்ந்துபோகும் நிலையை 1974இல் முதன்முதலில் விரிவாக எழுதிய உளவியலாளர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், அதைக் கண்டது ஓர் இலவச மருத்துவ இல்லத்தில், தன்னையும் உட்பட அங்கே ஊதியமில்லாமல் பணியாற்றியவர்களிடம். ஆர்வத்தோடு முழுதாகத் தந்துவிடுபவர்கள்தான் முதலில் எரிகிறார்கள். மூளை ஆய்வாளர் டானியா சிங்கரின் குழு செய்த சோதனைகளில் இன்னொரு செய்தி கிடைத்தது. பிறர் துன்பத்தை அப்படியே தன் துன்பமாக உணரப் பழகியவர்களுக்கு வேதனை கூடியது. அதே ஆட்களுக்குப் பிறகு கருணையை, அதாவது 'இவர் நலமாக இருக்கட்டும்' என்ற அன்பு நினைவைப் பழக்கியபோது அந்த வேதனை தணிந்து, நல்லுணர்வு எழுந்தது. சேர்ந்து மூழ்குவது வேறு, கரையில் காலூன்றிக் கை கொடுப்பது வேறு என்று தொண்டர்களுக்குத் தெரிந்த விஷயத்துக்கு ஆய்வகத்திலும் சான்று கிடைத்திருக்கிறது.

நம்மிடம் இதற்கு ஒரு வரி இருக்கிறது. பாதியை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டிருக்கிறோம். 'என் கடன் பணி செய்து கிடப்பதே' என்ற அப்பர் வாக்கை மேடைக்கு மேடை சொல்வார்கள். அதற்கு முந்தைய அடி, 'தன் கடன் அடியேனையும் தாங்குதல்'. உழவாரத்தைக் கையில் பிடித்துக் கோயில் முற்றங்களில் புல் செதுக்கிய மனிதர், தாங்குகிற வேலையைத் தன் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. அது வேறொருவர் கடன். தன்னையும் அவர்தான் தாங்குகிறார். புல் மறுபடி முளைக்கும். அதைப் பற்றியும் அவருக்குப் புகார் இல்லை. 'கிடப்பதே' என்ற சொல்லில் எவ்வளவு ஓய்வு இருக்கிறது பாருங்கள்! வேலைக்குள்ளேயே சாய்ந்துகொள்ளும் ஓய்வு. இறைவன் என்ற சொல் உங்களுக்கு ஒட்டவில்லை என்றால், இந்த உலகம் என்னை நம்பி நிற்கவில்லை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பாட்டியை நீங்கள் காப்பாற்றவில்லை. ஒரு மணி நேரம் அவரோடு இருக்கிறீர்கள். வாரம் ஒருநாள் என்பது போதும்; உடம்புக்கு முடியாத வாரம் போகாமல் இருப்பதும் சரியே, தகவல் மட்டும் சொல்லிவிடுங்கள்.

பாராட்டு வாங்க வேண்டும் போலிருக்கிறது என்றீர்களே, அதற்கு ஒரு சிறு பழக்கம். இல்லத்திலிருந்து திரும்பிய அன்று முழுவதும் அங்கே செய்ததை யாரிடமும் சொல்லாதீர்கள். படமெடுத்துப் போடுவதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். படுக்கையில் இருப்பவர் தன் படத்துக்குச் சம்மதிக்கும் நிலையில் இல்லை என்பதே அதைத் தவிர்க்கப் போதுமான காரணம். மறுநாள் சொல்லிக்கொள்ளலாம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியக்கூடாது என்று இயேசு சொன்ன அளவுக்கு நம்மால் போக முடியாவிட்டாலும், ஒருநாள் முடியும். அந்த ஒருநாளில் சொல்லத் துடிக்கும் ஆசை எத்தனை முறை தொண்டை வரை வருகிறது என்று பாருங்கள். முதல் வாரம் எனக்கு ஏழெட்டு முறை வந்தது. உணவு மேசையில் ஒரு கதையை நானாகவே அந்தப் பக்கம் வளைத்துக்கொண்டு போனதைப் பாதியில் கண்டுபிடித்து நிறுத்தினேன். கொஞ்சம் வெட்கமாக இருந்தது, கொஞ்சம் லேசாகவும் இருந்தது. மறுநாள் வந்தபோது சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

அடுத்த முறை போகும்போது அந்தப் பாட்டிக்கு எதையும் ஊட்டும் முன், வாரும் முன், அவரிடம் ஏதாவது கேளுங்கள். எப்படித் தலை வாரினால் பிடிக்கும், எந்தப் பக்கம் வகிடு எடுக்க வேண்டும், சின்ன வயதில் யார் வாரிவிடுவார்கள் என்று எதுவாகவும் இருக்கலாம். பதில் சொல்லாமலும் இருப்பார், அதுவும் அவர் இஷ்டம். குறைந்தபட்சம், நாற்காலியை எந்தப் பக்கம் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டுவிட்டு, அவர் காட்டும் பக்கத்தில் உட்காருங்கள்.